என்விடிஏ திரைவாசிப்பான்: மென்பொருள் தயார், நம் கோப்புகள் தயாரா?

என்விடிஏ என்பது விண்டோஸ் கணினிக்கான திரைவாசிப்பான். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும். பிரெய்ல் கருவியை இணைத்தால் அதே வரியைப் புள்ளிகளாகவும் தரும். மவுஸ் வேண்டாம், மானிட்டர் அணைந்திருந்தாலும் வேலை நிற்காது. கணினிக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவில்லை. பார்வையற்ற ஒருவர் வேர்டில் கடிதம் எழுத, எக்செல்லில் கணக்குப் போட, மின்னஞ்சல் பார்க்க, இணையத்தில் தேட இது போதுமா என்றால், போதும். தமிழிலும் போதுமா என்றால் பதில் கொஞ்சம் நீளம். அந்த நீளத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மென்பொருள் அல்ல.

இலவசம் என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. "கொள்முதல் செய்தால்தான் நல்லது வரும்" என்று கோப்பில் எழுதி, பட்ஜெட் இல்லாததால் எதுவுமே வராமல் போவது வழக்கமான கதை. பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பான் என்றால் ஜாஸ் என்ற கட்டண மென்பொருள்தான். 1989-இல் டாஸ் காலத்தில் வெளிவந்த அதன் ஒருமுறை உரிமம் நெடுங்காலம் ஆயிரம் டாலரை ஒட்டியே இருந்தது. கணினியைவிட அதைப் பேச வைக்கும் மென்பொருளுக்கு அதிக விலை. இதை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் தே என்ற இரு பார்வையற்ற நிரலாளர்கள். கர்ரன் 2006-இல் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இருவரும் என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கினார்கள். பெரும்பகுதி பைத்தான் நிரல்மொழியில் எழுதிய மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இணைய அணுகலை ஆராயும் வெப்எய்ம் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை நடத்திய திரைவாசிப்பான் பயனர் கணக்கெடுப்பில் 1,539 பேர் பதிலளித்தார்கள். முதன்மையாகப் பயன்படுத்துவது எது என்ற கேள்வியில் ஜாஸ் 40.5 விழுக்காடு, என்விடிஏ 37.7. எவற்றையெல்லாம் வழக்கமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டபோது என்விடிஏ 65.6 விழுக்காட்டோடு ஜாஸை முந்தியது. பதிலளித்தவர்களில் வட அமெரிக்கர்கள் அதிகம். வேண்டியதை விலை கொடுத்து வாங்க வழியுள்ள நாடுகளிலேயே இதுதான் நிலை.

பார்வையற்றவர்கள் தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொள்பவர்கள், மற்றவர்கள் அதைச் செய்து கொடுப்பவர்கள் என்ற எண்ணத்துக்கும் இந்த வரலாறு பதில் சொல்லிவிடுகிறது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

என்வி ஆக்சஸ் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கிய கோப்பைத் திறந்த உடனேயே, நிறுவி முடிக்கும் முன்பே, அது பேசத் தொடங்கிவிடும். பார்வையற்றவர் துணையின்றித் தானே நிறுவலாம். அதுவரை என்ன செய்வது என்றால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டர் பேசும். அதை வைத்து இதை இறக்கிக்கொள்ளலாம். 2024.1 பதிப்பிலிருந்து விண்டோஸ் 8.1-க்குக் கீழே ஓடாது. பள்ளி, நூலகங்களில் விண்டோஸ் 7 இயந்திரங்கள் இன்னும் இருந்தால் 2023.3.4 பதிப்பைப் போட வேண்டும். புதியதைப் போட்டுப் பார்த்து "இந்த சிஸ்டத்தில் ஓடாது" என்று கைவிடாதீர்கள்.

முதலில் வரும் வரவேற்புப் பெட்டியில் இரண்டு முடிவுகள் முக்கியம். என்விடிஏ கட்டளைகளுக்கு ஒரு தனி விசை வேண்டும். இயல்பாக அது இன்சர்ட். மடிக்கணினிகளில் இன்சர்ட் எங்கோ மூலையில், எஃப்என் விசையோடு சேர்ந்து கிடக்கும். ஆகவே கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். எண் விசைத்தொகுதி இல்லாத இயந்திரம் என்றால் கீபோர்டு அமைப்பில் 'லேப்டாப்' தேர்வு. இந்த இரண்டையும் செய்யாமல் டெஸ்க்டாப் பயிற்சிக் குறிப்பை மடிக்கணினியில் பின்பற்றினால் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. கற்பவர் தன் மீதே சந்தேகப்படுவார்.

பென்டிரைவில் போட்டுக்கொள்ளும் போர்ட்டபிள் பிரதியும் உண்டு. என்விடிஏ விசையோடு 'என்' அழுத்தினால் வரும் மெனுவில் கருவிகள் பகுதியில் அதை உருவாக்கலாம். பொதுக் கணினியில் பயன்படுத்த நல்லது. ஆனால் விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் அது பேசாது. நிர்வாகி அனுமதி கேட்கும் சாளரம் வந்தால் மௌனமாகிவிடும். வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போர்ட்டபிளைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று ஐடி பிரிவு நினைக்கக் கூடாது. முழுமையாக நிறுவி, உள்நுழைவுத் திரையிலும் பேசும்படி பொது அமைப்புகளில் குறியிட்டுத் தர வேண்டும்.

கம்பியுள்ள ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். ப்ளூடூத் வகைகளில் ஒவ்வொரு பேச்சின் முதல் அசையும் விழுங்கப்படுவது அடிக்கடி நடக்கும். "இல்லை" என்பதில் முதலெழுத்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்க் குரல்

இடைமுகத்தைப் பொது அமைப்புகளில் தமிழுக்கு மாற்றலாம். குரலுக்கு இரண்டு நல்ல வழிகள்.

முதலாவது, கூடவே வரும் ஈஸ்பீக் என்ஜி. இயந்திரத்தனமான குரல், முதல் முறை கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் விசையை அழுத்திய கணத்தில் பேசும், வேகத்தை மிக உயர்த்தினாலும் எழுத்துகள் குழையாது. பழகிய பயனர்கள் இதையே விரும்புவதற்கு அதுதான் காரணம். தமிழ் வரிக்குள் ஆங்கில எழுத்து வந்தால் அதை ஆங்கிலமாகவே படித்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் தரும் 'வள்ளுவர்' என்ற ஆண் குரல். விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் பகுதிக்குப் போய், தமிழ் (இந்தியா) சேர்த்து, அதன் மொழித் தேர்வுகளில் உரையைப் பேச்சாக்கும் வசதியை இறக்க வேண்டும். பிறகு என்விடிஏ விசை, கண்ட்ரோல், 'எஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் 'விண்டோஸ் ஒன்கோர்' தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுவது: 'சாப்பி 5' என்ற தேர்வைப் பிடித்துக்கொண்டு, வள்ளுவர் பட்டியலில் இல்லை என்பார்கள். ஒன்கோர் குரல்கள் அந்தப் பட்டியலில் வராது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. என்விடிஏவில் அமைவுத் தொகுப்புகள் உண்டு. என்விடிஏ விசை, கண்ட்ரோல், 'பி' (P). புதிய தொகுப்பை உருவாக்கும்போது அது எப்போது செயல்பட வேண்டும் என்று கேட்கும். 'தொடர்ந்து படிக்கும்போது' என்ற தேர்வுக்கு வள்ளுவரை நிதானமான வேகத்தில் வையுங்கள். மற்ற நேரத்துக்கு ஈஸ்பீக்கை விரைவாக வையுங்கள். மெனுக்களில் பறக்கலாம், நாவல் படிக்கும்போது நிதானமாகக் கேட்கலாம். தமிழ்ப் பயனர்களுக்கு இந்தக் கருவியில் இருப்பதிலேயே பயனுள்ள அமைப்பு இதுதான் என்று சொல்வேன்.

இரண்டு குரலுக்கும் பொதுவான ஒரு சிக்கல் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. 'கேஸ் சிலிண்டர்' என்றாலும் 'கேஸ் போட்டார்' என்றாலும் எழுத்து ஒன்றுதான். கண்ணால் படிப்பவர் இடம் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்கிறார். குரல் தமிழ் விதிப்படி சொல்லின் முதலில் வரும் ககரத்தை வல்லொலியாகவே சொல்லும். சமையல் எரிவாயு வழக்காகிவிடும். 'பஸ்', 'பேங்க்' எல்லாமே அப்படித்தான். பழகினால் காது தானாகத் திருத்திக்கொள்ளும்.

எழுத்துப் பிழை பார்ப்பதுதான் அதைவிடக் கடினம். ன, ண, ந மூன்றும் குரலில் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். ர, ற அப்படியே. எண் விசைத்தொகுதியில் 2-ஐ மூன்று முறை விரைவாகத் தட்டினால் அந்த எழுத்தின் யூனிகோட் (உலகப் பொது எழுத்துக் குறியீடு) எண்ணைப் பதின்ம வடிவிலும் பதினறும வடிவிலும் சொல்லும். ந-வுக்கு முடிவில் 'ஏ8', ன-வுக்கு 'ஏ9', ண-வுக்கு 'ஏ3' என்று வரும். மெய்ப்புத் திருத்தும் வேலை செய்பவர் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பிரெய்ல் கருவி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. தமிழ்ப் பிரெய்ல் அட்டவணை என்விடிஏவிலேயே இருக்கிறது. ஆனால் கருவியின் விலை எல்லோருக்கும் எட்டாது.

சுருக்கங்களைச் சரிசெய்யப் பேச்சு அகராதி உண்டு. 'கி.மீ.' வந்தால் 'கிலோமீட்டர்' என்று படி, 'ரூ.' வந்தால் 'ரூபாய்' என்று படி எனப் பதியலாம். பதியும்போது 'எங்கும்' என்ற வகையைக் கண்மூடித் தேர்ந்தெடுக்காதீர்கள். மாவட்டத்துக்கு 'மா.' என்று போட்டால், வாக்கியம் 'அம்மா.' என்று முடியும் இடத்தில் 'அம்மாவட்டம்' என்று படிக்கும். 'முழுச் சொல்' வகையும் தமிழில் ஏமாற்றலாம்: சொல் எல்லையைக் கண்டுபிடிக்கும் பைத்தான் முறை, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. முன்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துப் பதிந்து, ஒரு வரி தட்டச்சிட்டுச் சோதித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

தட்டச்சுக்கு, விண்டோஸ் 11-இல் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையும் இடைவெளியும் சேர்ந்து மொழியை மாற்றும். மாறியதைக் குரல் அறிவிக்கும். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்வதை நிறுத்திவிட்டு (என்விடிஏ விசையோடு 2), சொல் முடிந்ததும் சொல்லச் செய்தால் (என்விடிஏ விசையோடு 3) தமிழில் வேகம் கூடும். க, கு, குப், குப்பை என்று நான்கு நிலைகளையும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

கோப்பு பேசாதபோது

இதுவரை சொன்ன குறைகளுக்கெல்லாம் மாற்று வழி இருக்கிறது. இனி வருவதற்கு, பயனர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவரால் செய்யக்கூடியது குறைவு.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஒரு வேர்டு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஜே-யின் மேல் 'த' வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு மட்டுமே. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தின் எண்ணைப் பார்க்கிறது. எனவே 'ஜே கே போ' என்பதுபோல ஏதோ ஒரு ஒலி வரும். ஒரு பக்கம் முழுதும் இப்படி. 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வானவில், டேம், டேப் என்று மற்ற பழைய எழுத்துரு முறைகளிலும் இதே கதை, எண்கள் மட்டும் வேறு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினியின் பிடி மிக வலுவானது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடையும், அச்சுப் பணி போன்றவற்றுக்கு டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. அவற்றிலும் டேஸ் 16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமர்ந்திருப்பதால் குரல் அதைப் படிக்காது. யூனிகோட் ஒன்றே படிக்கும்.

இங்கே ஒரு பொதுவான நம்பிக்கையைக் கேள்வி கேட்டாக வேண்டும். டிஜிட்டலாக்கினால் எல்லோருக்கும் எட்டும் என்கிறோம். அச்சிட்ட தாளைப் பார்வையற்றவர் படிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் யாரோ ஒருவர் படித்துக் காட்டினார். அதையே பாமினி கோப்பாக அனுப்பிவிட்டு "மெயிலில் அனுப்பியாச்சே" என்றால், படித்துக் காட்ட இருந்த ஆளும் போய்விடுகிறார். கோப்பு மின்வடிவில் இருப்பதும் படிக்கத்தக்கதாக இருப்பதும் வேறு வேறு.

பிடிஎஃப் இன்னும் சிக்கலானது. யூனிகோடில் தட்டச்சிட்டதாகவே இருந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது கெடலாம். 'வேலை' என்ற சொல்லில் 'ே' குறி கண்ணுக்கு வகரத்தின் இடப்பக்கம் தெரிகிறது. யூனிகோட் வரிசையில் அது வகரத்துக்குப் பின்னால் வர வேண்டும். சில மென்பொருள்கள் பிடிஎஃப் செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைப் பதிந்துவிடும். விளைவு 'ேவைல'. திரையில் எந்தப் பிழையும் தெரியாது. குரலில் மட்டும் ஒவ்வொரு எகர, ஏகர, ஐகாரமும் நொறுங்கி வரும். இதைக் கண்டுபிடிக்கத் திரைவாசிப்பான்கூட வேண்டாம். பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். சரியாக வந்தால் பெரும்பாலும் குரலும் சரியாகப் படிக்கும். குழம்பி வந்தால், அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள். மூல வேர்டு கோப்பையோ இணையப் பக்கமாகவோ கொடுங்கள். அரை நிமிட வேலை. சுற்றறிக்கை அனுப்பும் ஒவ்வொரு அலுவலகமும், கேள்வித்தாள் அமைக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் இதைச் செய்துவிட முடியும்.

மூன்றாவது வகை, கையெழுத்து, முத்திரையோடு ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது வெறும் படம். என்விடிஏ விசையோடு 'ஆர்' அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும். ஆங்கிலத்துக்கு அருமை. ஆனால் அந்த எழுத்துணரியின் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. மாற்று வழி: கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறப்பது. தமிழை நன்றாகவே உணர்கிறது. ஆனால் அட்டவணைகள் கலைந்து, தொகை ஒரு வரியிலும் பெயர் வேறு வரியிலும் போய்விடும். சம்பளப் பட்டியலுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அதை நம்பக் கூடாது. ரகசிய ஆவணத்தை வெளிச் சேவையில் ஏற்றும் கேள்வி தனி.

பழைய எழுத்துரு வேர்டு கோப்புகளுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உதவும். எந்த முறையிலிருந்து மாற்றுகிறோம் என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குதறிவிடும். மாற்ற வேண்டிய இடம் படிப்பவரின் கணினி அல்ல, தட்டச்சிடும் டிடிபி மையம். "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்ற ஒரு வரி நிபந்தனை பணி ஆணையில் இருந்தால் போதும்.

இணையக் கடைகளும் சேவைகளும்

ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே போவார்கள் என்று நினைப்பது தவறு. பழகிய பயனர் 'எச்' அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், 'பி' (B)-யில் பட்டன்கள், 'டி' (T)-யில் அட்டவணைகள், 'எஃப்'-இல் படிவப் பெட்டிகள். என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்திலுள்ள எல்லாத் தலைப்புகளும் இணைப்புகளும் பட்டியலாக வரும். தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல் வெறும் பெரிய எழுத்தாகப் போட்ட தளத்தில் இந்த வசதி முழுதும் வீண்.

கடைத் தளங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு, பட்டன் போலத் தெரியும் 'டிவ்' (div), அதாவது நிரலில் பட்டன் என்று குறிக்காத வெறும் பெட்டி. மவுஸால் சொடுக்கினால் கூடையில் சேரும்; டேப் விசை அதைத் தொடாமலே தாண்டிப் போகும். உண்மையான பட்டன் குறியை எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினை பிறந்தே இருக்காது. அடுத்தது, கூடைப் படம் மட்டும் போட்ட பட்டன். குரல் 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். எதற்கான பட்டன் என்று தெரியாது. பேருந்து முன்பதிவில் இருக்கைகளை நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டுவதும், படிவப் பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் சொல்வதும், படக் கேப்ட்சாவுக்கு ஒலி மாற்று வைக்காததும் இதே வகை. ஓடிபி கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டி எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொன்று: பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு குறி இட வேண்டும். இட்டால் என்விடிஏ தானே தமிழ்க் குரலுக்கு மாறும். வார்ப்புருவை அப்படியே எடுத்து, மொழி ஆங்கிலம் என்றே விட்டுவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளோடு திண்டாடும். செய்தித் தளம் நடத்துபவர்கள் இன்றைக்கே பார்த்துவிடலாம்.

இதெல்லாம் சிறு கடைகளின் பிரச்சினை, பெரிய நிறுவனங்கள் சரியாகத்தான் செய்வார்கள் என்று நினைப்பவர்களுக்கு: வெப்எய்ம் 2025-இல் உலகின் முன்னணிப் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதித்தபோது, 94.8 விழுக்காட்டில் பிழைகள் கிடைத்தன. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதாமை, படத்துக்கு மாற்று உரை இல்லாமை, பெட்டிக்குப் பெயர் இல்லாமை ஆகியவை முன்னணியில். எல்லாமே எளிதில் சரிசெய்யக்கூடியவை.

"ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் உங்கள் தளம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும்" என்று விற்கும் மேலடுக்குக் கருவிகளை வாங்காதீர்கள். அப்படி விற்ற ஆக்சஸிபி என்ற நிறுவனம் தன் கருவியின் திறனைத் தவறாகச் சித்தரித்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது; 2025 ஜனவரியில் முன்மொழிந்து ஏப்ரலில் இறுதியாக்கிய ஆணையின்படி 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. பெயரில்லாத பட்டனுக்கு என்ன பெயர் என்று அந்தப் பட்டனை வைத்தவருக்குத்தான் தெரியும்.

"இவர்கள் எத்தனை பேர், இதற்குச் செலவு செய்தால் கட்டுப்படியாகுமா" என்பது வியாபாரிகள் கேட்கும் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல். வாடிக்கையாளராக வராததைப் பார்த்து ஆளே இல்லை என்று முடிவு கட்டுவது பிழையான கணக்கு. பணம் கட்டும் பக்கம் பேசாததால் திரும்பிப் போனவர் எந்த விற்பனை அறிக்கையிலும் தெரிய மாட்டார். எண்ணிக்கையை விடுங்கள், இது உரிமையும்கூட. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வகுத்த அணுகல் விதி 15(1) வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு) முறைகளால் வெளியே தள்ளப்பட்டவர்களின் வழக்கில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

என்விடிஏவின் சொந்தக் குறைகள்

கனமான இணையப் பக்கங்களில் சில நேரம் குரல் உறைந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், 'என்' மூன்றையும் அழுத்தினால் மறுபடி தொடங்கும். இந்தக் குறுக்குவிசையை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். படிக்கும் நிலை, எழுதும் நிலை என்ற இரண்டுக்கும் இடையே மாறுவது புதியவர்களைக் குழப்பும்: பெட்டியில் எழுத முயன்றால் 'எச்' எழுதப்படாமல் தலைப்புக்குத் தாவும். என்விடிஏ விசையும் இடைவெளியும் அழுத்தினால் நிலை மாறும். படமாகப் போட்ட கணிதச் சமன்பாட்டை அதனால் படிக்க முடியாது. தன் திரையைத் தானே வரைந்துகொள்ளும் சில உள்ளூர் பில்லிங், கணக்கு மென்பொருள்களுக்குள் அது முழு ஊமை. அங்கே எந்தத் திரைவாசிப்பானும் அப்படித்தான்.

கைப்பேசியில் டாக்பேக் (ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான்) இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு: சொந்த விஷயங்களுக்குக் கைப்பேசி போதும். இருநூறு வரி எக்செல், மேற்கோள்களோடு ஓர் அறிக்கை, போட்டித் தேர்வுத் தயாரிப்பு, அலுவலக வேலை இவற்றுக்குக் கீபோர்டு வேண்டும். பார்வையற்ற மாணவருக்குக் கைப்பேசியோடு நிறுத்திவிடுவது அவர் போகக்கூடிய வேலைகளைக் குறுக்குவதாகும்.

2025.1 பதிப்பில் தொலை அணுகல் உள்ளேயே சேர்ந்துவிட்டது. மதுரையில் இருக்கும் பயிற்றுநர் குளச்சலில் இருக்கும் மாணவரின் கணினியை இணையம் வழியாக இயக்கி, அது பேசுவதைத் தன் கணினியில் கேட்கலாம். பயிற்சி மையம் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி.

பார்வையுள்ள நிரலாளர்களுக்கும் வாங்கும் முடிவெடுப்பவர்களுக்கும் கருவிகள் மெனுவில் பேச்சுக் காட்டி என்ற சாளரம் இருக்கிறது. குரல் சொல்வதெல்லாம் அதில் எழுத்தாக ஓடும். உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ பில்லிங், வருகைப்பதிவு மென்பொருள் விற்க யாராவது வந்தால், போர்ட்டபிள் என்விடிஏவையும் இந்தச் சாளரத்தையும் திறந்து வைத்து, மவுஸைக் கழற்றிவிட்டு, ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொருள் பெயர், அளவு, விலை, மொத்தம் ஆகிய நான்கும் சாளரத்தில் எழுத்தாக வர வேண்டும். அச்சிடும் பட்டனுக்கு டேப் விசையிலேயே போய்ச் சேர வேண்டும். வராவிட்டால் எந்தப் பதிப்பில் சரிசெய்து தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.